தினம் ஒரு ரோஜா

"இன்னிக்கும் ஒரு ரோஜா!" ஹதீல் போனைக் கேன்டீன் மேஜைமேல் படாரென்று வைத்தாள். "மனசுல என்னடா நினைச்சிட்டிருக்க?"

எதிரே ஸுஹைப் புதினா டீயை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்தான். முதல் வருஷப் பையன். வகுப்பிலிருந்து அவனைக் கையோடு இழுத்து வந்திருந்தாள். நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

மனசு சரியில்லாத புது மாணவர்கள் எழுதிக் கொட்டுவதற்கென்று அம்மானில் அந்தப் பல்கலைக்கழகம் ஓர் ஆப் வைத்திருந்தது. எழுதுகிறவர்களுக்குப் பதில் சொல்லித் தேற்ற, மூத்த மாணவர் ஒருவர் துணை. ஸுஹைபுக்கு மாட்டியவள் உளவியல் படிக்கும் ஹதீல்.

ஆரம்பத்தில் அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. 'வீடே வெறிச்சோடிக் கிடக்கு, சோறு இறங்கல' என்று எழுதியிருந்தான். விடுதி பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று விழுந்து விழுந்து ஆறுதல் சொன்னாள், மூச்சுப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தாள்.

அப்புறம்தான் வந்தது வினை. விடிந்ததும் விடியாததுமாக ஆவி பறக்கும் காப்பிக் கோப்பை, பக்கத்தில் ரோஜா, கீழே 'காலை வணக்கம்' என்று ஒரு படம். கூடவே கேள்விகள்.

"'உங்க குடும்பம் எந்த ஊர்ப் பக்கம்?' சரின்னு விட்டேன். 'மக்லூபா சட்டியைக் கவுத்தா சோறு உடையாம வருமா?' அதையும் விட்டேன். 'உயரம் எவ்வளவு, செருப்பைக் கழட்டிட்டு அளந்து சொல்லு'ன்னு கேக்கறியே, மூச்சுப் பயிற்சிக்கு என் உயரம் எதுக்குடா?"

"சத்தியமா நான் கேக்கலக்கா!"

"புகார் எழுதி வச்சிட்டேன். ஒரு தட்டு தட்டினா போதும், நீ விடுதியைக் காலி பண்ண வேண்டியதுதான்."

ஸுஹைபுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அக்கா, நான் அந்த ஆப்பைத் திறந்தே எவ்வளவோ நாளாச்சு. அது என் பழைய போன்ல..."

"அந்த போன் இப்ப எங்க?"

அவன் தலையில் அடித்துக்கொண்டு ஓர் எண்ணை அழைத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"அம்மா! ஹதீல் அக்கா பக்கத்துல இருக்காங்க. உன்னால என் படிப்பே போகப் போகுது!"

மறுமுனையில் குரல் குழைந்து வந்தது.

"பயந்துட்டியா கண்ணு? நான் கேட்டது அந்த மக்குக்கு இல்லம்மா, அவன் அண்ணனுக்கு!"