பறக்க மறுத்த புறா

புலி நாடும் கரடி நாடும் சமாதானம் பேசும்போதெல்லாம் பறக்கவிடுவதற்கென்றே ஒரு வெள்ளைப் புறா இருந்தது. கேமராக்கள் மின்னும், கைதட்டல் கேட்கும். புறா கூடு போய்ச் சேர்வதற்குள் பீரங்கி முழங்க ஆரம்பித்துவிடும். போன தடவை அதன் வாலே கருகிவிட்டது.

இந்த முறை மேடையில் புலிராஜா பாதத்தை விரித்ததும், புறா புலியின் நகத்தைக் கால்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"பற, எல்லாரும் பார்க்கறாங்க" என்று சிரித்த முகத்தோடு பல்லைக் கடித்தது புலி.

"மகாராஜா, மொதல்ல எல்லையில நிக்கிற பீரங்கியை ரெண்டு பேரும் எடுங்க. அப்புறம் பறக்கறேன்."

"அது அடுத்த மாநாட்டுல பேச வேண்டியதும்மா" என்று குழைந்தது கரடிராஜா.

"அப்போ அடுத்த மாநாட்டுலயே பறக்கறேன்."

தட்டிப் பார்த்தார்கள், ஊதிப் பார்த்தார்கள், உதறியும் பார்த்தார்கள். புறா அசையவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு வெள்ளைப் பலூனைப் பறக்கவிட்டார்கள். கைதட்டல் பிரமாதம்.

காற்று பலூனை எல்லைக்குத் தள்ளிக்கொண்டு போனது. வேவு பார்க்க வந்திருக்கிறது என்று பதறி, இரண்டு நாட்டுப் படைகளும் சேர்ந்தே அதைச் சுட்டு வீழ்த்தின.

"பாத்தீங்களா, ஒண்ணா ஒரு காரியம் செஞ்சிட்டோம்!" என்று புலியும் கரடியும் கட்டிக்கொண்டன. கேமராக்கள் மின்னின.

புறா நகத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.