மலை உச்சியிலிருந்து ஒரு வீடியோ கால்

"அம்மா, இஞ்சை பாருங்கோ, மலை! பின்னாலை தெரியிறது இன்கா ஆக்கள் கட்டின கல்லுக் கோட்டை. நான் பெருவிலை நிக்கிறன்."

வேதவல்லி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பெருவா? நிற்கிற இடம் சிட்னி, டார்லிங் ஹார்பர். கார் நிறுத்த இடம் தேடி அலைந்த எரிச்சலே அவளுக்கு இன்னும் அடங்கவில்லை.

அது ஒரு கண்காட்சி. பெரிய இருட்டு ஹாலில் நாலு சுவரிலும் தரையிலும் இன்கா இடிபாடுகளைப் படமாக ஓடவிட்டு, குளிர்காற்றையும் ஊதிவிட்டு, மலைக்கே போன மாதிரி சுற்றிக் காட்டுவார்கள். கைடு பெண் கூட்டத்தை மேய்த்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள். கடைசியாக நின்றவன்தான் இந்த ஆள். சுவரில் ஓடும் மலைக்கு முதுகைக் காட்டி, ஃபோனை உயர்த்திப் பிடித்திருந்தான். கழுத்தில் மஃப்ளர் வேறு.

"யாழ்ப்பாணத்துப் பையன் போல. என்னமா ரீல் விடுறான் பாரு!" கணவர் வரதராஜன் அவள் காதில் கிசுகிசுத்தார்.

வேதவல்லிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ஃபோன் ஸ்பீக்கரில் வயசான ஒரு குரல் அழுததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"நாளைக்கு அப்பாவை எடுக்கினம், தம்பி. நீ வந்து கொள்ளி வைக்க வேணும். எனக்கு மிஞ்சின பிள்ளை நீ ஒருத்தன்தானே."

"எப்பிடியம்மா வாறது? மலையிலை இருந்து கீழை இறங்கவே ரெண்டு நாள் செல்லும். சித்தப்பாவைக் கொண்டு வைப்பியுங்கோ."

அடப்பாவி! வேதவல்லிக்கு ரத்தம் கொதித்தது. பெத்த அப்பன் அங்கே பிணமாகக் கிடக்கிறான், பிள்ளை டிக்கெட் வாங்கி வந்து இங்கே படம் காட்டுகிறானே!

"வேதா, நமக்கெதுக்கு வம்பு? வா." வரதராஜன் கையைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்க. கோவிட்ல பார்டரை மூடினப்ப எங்கப்பா காரியத்தை லேப்டாப்புல பார்த்து அழுதவ நான். போக முடிஞ்சும் போகாம ஏமாத்துறவனைப் பார்த்துட்டு சும்மா போகச் சொல்றீங்களா?"

அவள் வாயைக் கட்டிப்போட இன்னும் ஆள் பிறக்கவில்லை. விடுவிடுவென்று போய், அவன் தோளுக்குப் பின்னாலிருந்து ஃபோனுக்குள் முகத்தை நீட்டினாள்.

"அம்மா, உங்க பையன் பொய் சொல்றாரு. இது பெருவும் இல்ல, மலையும் இல்ல. சிட்னியில ஒரு ஹால். பின்னாடி தெரியறது சுவத்துல ஓடுற படம். நினைச்சா இப்பவே ஃப்ளைட் ஏறலாம்!"

அவன் முகம் வெளிறிப் போயிற்று. ஃபோனில் அம்மாவின் முகம் திரைக்கு நெருங்கி வந்தது.

"சுபாங்கன்... அந்தப் பிள்ளை சொல்லுறது உண்மையே?"

அவன் வேதவல்லியைப் பார்த்தான். திட்டப்போகிறான் என்று அவள் தயாராக நின்றாள். அவன் திட்டவில்லை. மெதுவாக மஃப்ளரைக் கழற்றினான்.

"ஓம் அம்மா. சிட்னியிலைதான் நிக்கிறன்."

"அப்ப ஏன் ராசா வாறாயில்லை?"

"வர விருப்பமில்லை. லீவிலை ஊர் சுத்துறன். அப்பா போயிட்டார், இனி நான் வந்து என்ன செய்யிறது?"

"நீயெல்லாம் ஒரு மனிசனே?" அந்தக் குரலில் அழுகை நின்றுவிட்டது. "இனி அம்மா எண்டு எனக்கு ஃபோன் எடுக்காதை. அப்பாவுக்குக் காரியம் செய்யேக்கை உனக்கும் சேத்துச் செய்விக்கிறன். போ!"

ஃபோன் வைக்கப்பட்டது.

வேதவல்லிக்கு இன்னும் வாய் அடங்கவில்லை. "என்ன ஜென்மம்பா நீ? பெத்தவகிட்ட இப்படியா பேசுவாங்க?"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மலையும் மேகமும் அவன் சட்டைமேல் ஓடிக்கொண்டிருந்தன.

"அன்ரி, நான் படகிலை வந்தனான். பதின்மூண்டு வருசமா பிரிட்ஜிங் விசாதான், தற்காலிகமாத் தங்கிறதுக்கு மட்டும். இந்த நாட்டை விட்டு வெளியிலை போனா திரும்பி உள்ளை விடமாட்டாங்கள். ஊரிலை போய் இறங்கினா..." கழற்றிய மஃப்ளரைக் கையில் சுருட்டினான். "ஆமிக்காரங்கள் அண்ணாவைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். அவன் இண்டுவரைக்கும் வீட்டை வரேல்லை."

வரதராஜன் தலை குனிந்துகொண்டார்.

"இதை அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே தம்பி?" வேதவல்லி அவன் பக்கத்தில் குனிந்தாள்.

"வில்லாவுட் தடுப்பு முகாமிலை இருந்து விட்ட அண்டைக்கு, விசா கிடைச்சிட்டுது, இனிப் பயமில்லை எண்டு சொல்லிப்போட்டன். அண்டைக்குத்தான் அம்மா ஒழுங்கா நித்திரை கொண்டவ. பிறகு வேலை, லீவு இல்லை எண்டு சாட்டுச் சொல்லியே காலம் போச்சுது. அப்பா செத்ததுக்கு என்ன சாட்டுச் சொல்ல? ரயிலுக்குள்ளை இந்தக் கண்காட்சி விளம்பரத்தைக் கண்டனான். பெருவிலை நிக்கிறன் எண்டன். அம்மா நம்பேல்லை, காட்டடா எண்டவ."

"ஐயோ, என் வாயில மண்ணு விழ! நம்பரைக் கொடு தம்பி. நானே பேசுறேன். உன் பிள்ளை மேல தப்பில்ல, அவனால வர முடியாதுன்னு நானே சொல்லிடறேன்!"

அவன் பதறி ஃபோனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம் அன்ரி. 'வரமாட்டன்' எண்டா அம்மா என்னைத் திட்டித் திட்டியாவது உயிரோடை இருப்பா. 'வர ஏலாது' எண்டு தெரிஞ்சா, அப்பாவுக்குப் பின்னாலையே போயிடுவா."