நீர்நாயின் அனுமதி

"எச்சரிக்கைய யாரு அணைச்சது?"

யோர்டிஸ் குரலை உயர்த்தவில்லை. ஸ்வீடனின் ஊமியோ நகரில் எங்கள் மென்பொருள் அலுவலகத்தில், வெளியார் எழுதிய நிரல் எது உள்ளே வந்தாலும் உரிமம் உண்டா, ஓட்டை உண்டா என்று பார்ப்பவர் அவர்தான். முதுகுக்குப் பின்னால் 'சுங்கச்சாவடி' என்போம். ஆனால் அவர் அனுப்பியதை எந்த மருத்துவமனையும் திருப்பி அனுப்பியதில்லை.

"நான்தான். வெளி நிரல் எதச் சேர்த்தாலும் திரையில சிவப்பா வந்து நின்னுது. முட்டை பொரிக்கும்போது புகை அலாரத்தைக் கழட்டி வைக்கிறதில்லையா, அந்த மாதிரி."

எச்சரிக்கை அணைந்திருந்த அந்த இடைவெளியில்தான், இணையத்தில் நான் எடுத்த துண்டு நிரல் ஒன்று ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டும் எங்கள் மென்பொருளுக்குள் நுழைந்திருந்தது. எழுதியவர் பெயர் 'நீர்நாய்'. உரிமம் பற்றி ஒரு சொல் இல்லை. நாளைக் காலை மருத்துவமனையிடம் ஒப்படைக்க வேண்டும்.

"பொதுவுல போட்டிருக்காருன்னா எடுத்துக்கங்கன்னுதானே அர்த்தம்?"

"வாசல்ல நிக்கிற சைக்கிளும் பொதுவுலதான் நிக்குது, ஸ்டெலான். அனுமதி கேளு. இல்ல, புதுசா எழுது."

"ரெண்டு மெயில் போட்டேன். அந்தச் சோம்பேறி பதிலே போடல."

"படிச்சிருப்பாரு," என்றார், ஏலக்காய் பன்னைப் பிய்த்தபடி. "அதுல ஓட்டையும் இருக்கு. வெளியாள் ஒருத்தன் ரொம்ப நீளமா ஒரு தெருப் பேர் அனுப்பினா போதும், வண்டிய அவன் இஷ்டத்துக்குத் திருப்பிடலாம்."

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"நீங்களே எழுதிக் குடுத்துடுங்களேன். உங்களுக்கு அரை மணி நேர வேலை."

"தொட மாட்டேன். அந்தத் துண்ட நீ திறந்து படிச்சியா?"

"இல்ல. அப்படியே ஒட்டினேன்."

"உன் சோம்பேறித்தனம் இன்னைக்குத்தான் உதவுது. படிச்சவன் எழுதினா அதோட நகல்தான் வரும், படிக்காதவன்தான் வேணும். உக்காரு."

அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அவரிடமிருந்து காபி மட்டும் வந்தது. ஒரு யோசனைகூட வரவில்லை. முனகிக்கொண்டே எழுதினேன். சாயங்காலம் சோதனைகள் எல்லாம் பச்சையாயின. எச்சரிக்கையை நானே மறுபடி போட்டேன்.

"இப்பவாவது சொல்லுங்க. ஒரு வரிகூட ஏன் உதவல?"

யோர்டிஸ் நாற்காலியைத் திருப்பினார்.

"நான் எழுதினா பழையபடியேதான் வரும். அந்த நீர்நாய் நான்தான். போன கம்பெனி சம்பளத்துல எழுதினது, அதைக் குடுக்கற உரிமை எனக்கில்ல. முன்னாடியே சொல்லியிருந்தா அனுமதி குடுங்கன்னு என் காலையே சுத்திக்கிட்டிருப்ப." பன் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "உன் ரெண்டு மெயிலும் வந்துச்சு. அதுல சோம்பேறின்னு எழுதாம விட்டதுக்கு நன்றி."