சும்மா கிடங்க

“சும்மா கிடங்க. கையைக் காலை ஆட்டாதீக. ஆட்டுனா உசுருக்கு ஆபத்து!”

மனைவி வெள்ளைத்தாய் தன்னை இப்படி அதட்டுவாள் என்று சங்கரபாண்டியன் கனவிலும் நினைத்ததில்லை. இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அதட்டுகிற வேலை அவருடையதாகவே இருந்தது. இன்றைக்கு அவரால் முடியவில்லை. மல்லாந்து கிடந்தார். உடம்பு சில்லிட்டு நடுங்கியது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

“வண்டிக்கார வீரணன் எங்கே? வந்துட்டானா?”

“பாலவனத்தத்துக்கு ஓடியிருக்கான். இன்னைக்குன்னு பாத்து பக்கத்துக் காட்டுக்காரவுக எல்லாரும் சந்தைக்குப் போயிட்டாக. அவன் ஆளுகளைக் கூட்டிக்கிட்டு வாரவரைக்கும் தாக்குப்பிடிக்கணும்.”

“ஓடியா போறான்? பஸ்ஸுல போகச் சொல்லியிருக்கலாம்ல?”

“யுத்தம் வந்ததுலேர்ந்து எந்தப் பஸ்ஸு நேரத்துக்கு வருது? பெட்ரோல் கிடைக்காம கரியைப் போட்டு ஊதி ஊதி அது கிளம்புறதுக்குள்ள இவன் போயிட்டே வந்துருவான். பேசாம மூச்சை நிதானமா இழுங்க.”

உயிர் ஊசலாடும்போதும் யோசனை சொல்லாமல் இருக்க முடியாத மனிதர் அவர். அருப்புக்கோட்டைப் பருத்திக் கடைகளில் அவர் தலையசைத்தால்தான் தராசைத் தூக்குவார்கள். கண்மாய் மடையைத் திறக்க அவர் உத்தரவு வேண்டும். வீட்டில் குழம்புக்கு எத்தனை மிளகாய் என்பதற்கும் அவர் உத்தரவுதான்.

ஒரே ஒரு விஷயத்தில் வெள்ளைத்தாய் அவர் பேச்சைக் கேட்கவில்லை. திருச்சுழிக்கு வந்து தங்கியிருந்த ஒரு சாமியாரிடம் யோகம் கற்றுக்கொண்டிருந்தாள். தினமும் விடிந்ததும் பாயில் மல்லாந்து, கண்ணை மூடி, உடம்பையும் மனசையும் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டு அரை மணி நேரம் அசையாமல் கிடப்பாள். “பிணம் மாதிரி கிடக்கிறதுக்கு ஒரு சாமியாரா?” என்று நாலு பேர் சிரிக்கும்படி அவர் கேலி பேசியிருக்கிறார்.

“கழுத்தை விறைக்காதீக. தலையை எங் கையில விட்டுருங்க,” என்றாள் இப்போது.

“முடியலை புள்ளே. காது அடைக்குது. நான் போயிருவேன் போலருக்கு.”

“நான் நான்னு இழுத்துப் பிடிக்காதீக. இந்த ஒடம்பைத் தாங்குறது நீங்க இல்லை. தாங்குறவன் ஒருத்தன் இருக்கான். அவன்கிட்டக் குடுத்துருங்க.”

“குடுத்துட்டு?”

“குடுத்துட்டு என்ன? சும்மா கிடங்க.”

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாகக் கிடப்பவனிடம் பேசுகிற பேச்சா இது! விருட்டென்று எழுந்திருக்கப் பார்த்தார். அவ்வளவுதான். மூச்சு முட்டியது, இருமல் பிடுங்கியது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிடரியைத் தாங்கியிருந்த அவள் கை மட்டும் விலகவில்லை.

“ஏங்க! நானும் ஒங்க பக்கத்துலதான் கிடக்கேன். இந்த ஒரு தடவை எம் பேச்சைக் கேளுங்க,” என்றாள். குரல் உடைந்தது. அந்த அதட்டலுக்குள் இருந்த பயம் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இவளுக்காகவாவது பிழைக்க வேண்டும் என்று நினைத்தார்.

கண்ணை மூடினார். முதலில் கால்களைத் தளர்த்தினார். பிறகு கைகளை. கழுத்து மட்டும் அடம்பிடித்தது. அதையும் விட்டார். “ஆண்டவா, இனி உன் பாடு,” என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். ஐம்பது வயதில் அவர் ஒருவரிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை.

படபடப்பு அடங்கியது. மூச்சு தானாக வந்தது, தானாகப் போனது. உடம்பு பஞ்சாக லேசாகிவிட்டது. இத்தனை வருஷமாக எல்லாவற்றையும் தூக்கிச் சுமந்துகொண்டு திரிந்தோமே என்று அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது.

“கையை எடுக்கட்டுமா?” என்றாள்.

“எடு.”

எடுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. அவர் பாட்டுக்குக் கிடந்தார்.

எவ்வளவு நேரம் போயிற்றோ, முகத்தில் விழுந்த வெயில் நகர்ந்திருந்தது. திடீரென்று, “அய்யா! தாயி!” என்று வீரணன் அலறுவது கேட்டது. கூடவே பத்துப் பேரின் கூச்சல்.

“ஏலே, சத்தம் போடாதே. தியானத்துல இருக்கோம்ல,” என்றார் சங்கரபாண்டியன் கண்ணைத் திறக்காமலே.

மேலேயிருந்து கயிறு இறங்கியது. “அய்யா தவறி விழவும், தாயி பின்னாலேயே குதிக்கவும் ரெண்டு பேரும் போயிட்டீகன்னுல்ல நெனைச்சேன்! மூணு ஆள் ஆழக் கிணத்துத் தண்ணியில இம்புட்டு நேரம் மிதக்கீகளே, அய்யாவுக்குத்தான் நீச்சல் தெரியாது, ஒங்களுக்குத் தெரியுமா தாயி?” என்று கத்தினான் வீரணன்.

“எனக்கும் தெரியாதுப்பா!” என்றாள் வெள்ளைத்தாய்.