அறுநூறு இலக்கப் பூட்டு

கணிதப் பேராசிரியை கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்திருப்பதை நர்ஸ் கவனித்தாள். "வந்ததுல இருந்து பச்சைத் தண்ணி கூடக் குடிக்கலையே மேடம், சர்க்கரை இறங்கியிருக்கும்" என்று பிஸ்கட்டை நீட்டினாள். அவர் வாங்கி மேசைமேல் வைத்துவிட்டார்.

மூன்று நாட்களாக அந்த மருத்துவமனையின் நோயாளிக் குறிப்புகள் பூட்டிக் கிடந்தன. எவனோ வெளியிலிருந்து கணினிக்குள் புகுந்து பூட்டிவிட்டு, கேட்டதைக் கொடுத்தால்தான் திறப்பேன் என்று மிரட்டியிருந்தான். நேற்று ஐந்தாவது வார்டில், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று பார்க்க வழியில்லாமல் ஊசி போட்டதில் ஒரு பெண் இறந்துபோனாள்.

பூட்டு என்பது அறுநூறு இலக்கங்களுக்கு மேல் நீளும் ஓர் எண். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கியதில் வந்தது. அந்த இரண்டும் தெரிந்தால் பூட்டு திறந்துவிடும். ஒழுங்காகத் தேர்ந்தெடுத்திருந்தால் அதைப் பிரிக்க ஓர் ஆயுள் போதாது.

இன்ஸ்பெக்டர் கூட்டிவந்த பேராசிரியை அதை அரை மணியில் பிரித்துவிட்டார்.

"எப்படி மேடம்?" என்றார் கணினிப் பிரிவுக்காரர். மூன்று நாள் தூங்காத முகம்.

"ஒரு பகா எண்ணை எடுத்து, அதுக்கு அடுத்த பகா எண்ணையே ஜோடி சேர்த்திருக்கான். ரெண்டும் அவ்வளவு கிட்ட இருந்தா, வர்க்கமூலத்துக்குப் பக்கத்துல தேடினாலே மாட்டிக்கும்."

"சோம்பேறிப் பய" என்றார் இன்ஸ்பெக்டர்.

கணினிப் பிரிவுக்காரர் திரையில் எண்ணை நகர்த்தியபடி துள்ளினார். "சார், இதைப் பாருங்க! முதல் எண்ணை எந்தப் பக்கத்துல இருந்து படிச்சாலும் ஒண்ணாவே வருது!"

"முந்நூத்தி ஒரு இலக்கம். நட்டநடுவுல ஏழு" என்றார் பேராசிரியை. அவர் திரையைப் பார்க்கவில்லை.

கணினிப் பிரிவுக்காரர் எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது. "மூளைன்னா இது மூளை!"

வார்டுகளில் ஒவ்வொரு திரையாக உயிர் பெற்றது. யாரோ கைதட்டினார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, உடலை வாங்குவதற்கான சீட்டைப் பிடித்தபடி, இறந்தவளின் கணவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சத்தம் கேட்டு நிமிர்ந்தவன், மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டான். பேராசிரியை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த எண்ணை வச்சு ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா, மேடம்?" இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார்.

"பொதுவா முடியாது."

அவர் கண்ணாடிக் கதவுப் பக்கம் மறுபடியும் ஒருமுறை பார்த்தார்.

"ஆனா இது நான் தேடிக் கண்டுபிடிச்ச எண், சார். எந்தப் புத்தகத்துலயும் போடலை, யார்கிட்டயும் காட்டலை. ஒருத்தனுக்கு மட்டும் பிறந்தநாள் பரிசா என் கையாலயே எழுதிக் கொடுத்தேன்."

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. "யாருக்கு?"

பேராசிரியை மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வண்டியை எடுக்கச் சொல்லுங்க. என் பையன் இப்ப வீட்டுலதான் இருக்கான்."