அள்ளி முடிந்த கூந்தல்

மகள் திலகவதிக்குச் சினம் மூள ஒன்பது நிமிடம் இருக்கையிலேயே, தாய் மங்கையின் மணிக்கட்டில், மகள் அணிந்த நாடி உணரியோடு இணைந்த முன்னறி வளை அதிர்ந்துவிடும். உடனே அவள் கூந்தலை அள்ளி முடிந்துகொள்வாள். பதினான்கு வயதில் தன்னைவிட உயர்ந்துவிட்ட ஆட்டிசக் குழந்தையின் பிடியில் அகப்படாதிருக்க அவள் கண்ட கவசம் அது. ஆனால் நேற்று, வளை அதிராதபோதே, புழுக்கம் தாளாமல் கூந்தலை முடிந்தாள். அதைக் கண்ட மகள் அலறித் தன் கையையே கடித்துக்கொண்டாள்.

இன்று வளை அதிர்ந்தது. மங்கை கூந்தலை அவிழ்த்துவிட்டு மகளருகே அமர்ந்தாள்.

"கொண்டையப் போடு மங்கை," என்றார் கதவோரம் நின்ற கணவர் அம்பலவாணர். "போன வாரம் பிடுங்கின எடத்துல இன்னும் முடியே மொளைக்கல. அதுக்குள்ள என்ன வீராப்பு?"

"கொண்டையப் பாத்துத்தாங்க அவ மிரள்றா. இன்னிக்கு ஒரு நாள் இப்படியே இருந்து பாக்கறேன்."

எட்டு நிமிடங்கள் ஊர்ந்தன. திலகவதிக்கு மூச்சு இரைத்தது. அவள் விரல்கள் தாயின் கூந்தலுக்குள் புகுந்தன. மங்கை இறைவன் திருவடியை நினைந்து கண்களை மூடினாள்.

மகள் இழுக்கவில்லை. அந்தக் கூந்தலை அள்ளி, கோணல்மாணலாக முடிந்துவிட்டாள். பிறகு எழுந்து ஓடி, எதிர்ச்சுவரோரம் கிடந்த தலையணையை அறையத் தொடங்கினாள்.