வெள்ளிக்கிழமைக் கள்ளன்

மருதமுனை வீட்டு வாசலில் கேமரா பூட்டிய பிறகுதான் கட்டாரில் இருக்கும் நிப்றாஸுக்கு நிம்மதி. உம்மா அங்கே தனியாள். வாசலில் ஆள் நடமாடினால் இவனுடைய போன் கத்தும். கத்தாவிட்டால் உம்மா சுகமாக இருக்கிறார் என்று அர்த்தம். அதனால் அவன் உம்மாவுக்குப் போனில் கோல் எடுப்பதையே குறைத்துவிட்டான்.

போன மாதத்திலிருந்து வெள்ளி தவறாமல் போன் கத்தியது. சாரமும் சேட்டும் போட்டு, தலையையும் முகத்தையும் துவாயால் மூடிய ஒருவன் வந்தான், கேட்டைக் குலுக்கினான், சுவரோரமாக மறைந்தான்.

“உம்மா, ஆரோ வந்திருக்கான்! கதவத் தொறந்திராதீங்க!”

“ஓம் மகன். நீ சாப்பிட்டியா? புள்ளையள் சுகமா?”

“அதெல்லாம் பிறகு கதைப்பம். கதவப் பூட்டினீங்களா?”

“பூட்டிட்டன். கொஞ்சம் லைன்ல இரி வாப்பா, பயமாக் கிடக்கு.”

நாலாவது வெள்ளி, பொலிஸில் கொடுப்பதற்காக அந்த வீடியோவை முதல் தடவையாகச் சத்தத்தோடு போட்டுப் பார்த்தான்.

கள்ளன் கேட்டைப் பிடித்துக் குலுக்கும்போது, பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலித்தது.

கள்ளனின் கை சட்டென்று தலைக்குப் போய், இல்லாத முக்காட்டை இழுத்துவிட்டது.